பெரியவர் பக்கத்தில் இருக்கையில் போன் அடிக்கக் கூடாது

வீட்டில் எனக்கு வாசிக்க இடமில்லை. இந்தப் பயணத்துக்கு அதுதான் காரணம். 2012, ஆவணி மாதம். கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்று கடவுளுக்கே தெரியாத காலம். வந்தால் எங்கள் வீட்டில் தொலைக்காட்சி ஓடும், மிக்சி ஓடும், போனால் எல்லோரும் முற்றத்தில் உட்கார்ந்து என்னையே பார்ப்பார்கள். துபாயில் இருக்கிற மைத்துனன் கொண்டுவந்து தந்த ஈ-ரீடரில் முந்நூறு புத்தகங்கள் இருந்தன. மூன்று மாதத்தில் ஒன்றைக்கூட நான் முடிக்கவில்லை. என் மனைவி அதற்குச் ‘சிலேட்டு’ என்று பெயர் வைத்திருந்தாள். “சிலேட்டை வச்சிட்டு அந்தத் தேங்காயை உடைங்க.”

தமிழ்ப் புத்தகங்களை அதில் ஏற்ற நான் பட்ட பாடு தனிக்கதை. எழுத்தெல்லாம் வரும், கொம்பு மட்டும் தன் இடத்தில் நிற்காது. எழுத்துக்கு முன்னால் வரவேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். ‘தேன்’ என்பது எந்த மொழியென்றே தெரியாத ஒரு சொல்லாகிவிடும். ஆகவே அப்போதைக்கு ஆங்கிலப் பேய்க்கதைகளோடு சமாதானமாகியிருந்தேன். எனக்குப் பேய் என்றால் பயம். அதனால்தான் பகலில், வெளிச்சத்தில், துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு வாசிக்க விரும்பினேன்.

துணை, அருள்தாஸ். (பெயர்களை மாற்றியிருக்கிறேன்.) தாலுகா ஆபீசில் எழுத்தர், என் வயதுதான். காகிதத்தில் அச்சடிக்காத எதையும் புத்தகம் என்று ஒத்துக்கொள்ளாதவன். அவன் கொண்டுவந்தது எண்ணூறு பக்கச் சரித்திர நாவல், கெட்டி அட்டை, பழைய புத்தகக் கடையில் வாங்கியது. பக்கத்துக்குப் பக்கம் முகர்ந்து பார்த்துத்தான் வாசிப்பான். நாங்கள் தேர்ந்தெடுத்த இடம் கீரிப்பாறை. ரப்பர் தோட்டம், நிழல், குளிர்ச்சி, ஆள் நடமாட்டம் இல்லை.

வடசேரி பஸ் நிலையத்தில் காலை ஏழு பத்துக்கு பஸ். அழகியபாண்டிபுரம், தடிக்காரன்கோணம் வழி. சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், ஆளுக்குப் பதினான்கு ரூபாய். இடது பக்க ஜன்னலில் உட்காருங்கள், மலை தெரியும்.

அழகியபாண்டிபுரம் தாண்டும்போது பஸ்ஸுக்குள் செண்டை மேளம் முழங்கியது. முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் துள்ளி எழுந்தார். டிரைவர் திரும்பிப் பார்த்தார். அருள்தாசின் சட்டைப் பையிலிருந்து வந்த சத்தம் அது. அவனுக்கு அந்த போனைத் தேர்ந்தெடுத்தவன் நான். சந்தைக்குள் போன் அடித்தால் கேட்கவில்லை என்று அவன் சொன்னதற்காகத் திருவிழாவில் பதிவு செய்த செண்டை மேளத்தை முழு ஒலியில் வைத்துக் கொடுத்தவனும் நான்தான்.

அவன் மனைவி ரெஜினா பேசினாள். இருக்க இடம் கிடைத்ததா என்று கேட்பதற்கு.

“கெடச்சு. ஆமா. இவன் பக்கத்துலதான் இருக்கான். ஆமா, சிலேட்டு கொண்டு வந்திருக்கான்.” போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னான்: “இனி ஒரு மணிக்கு விளிப்பா. சாப்பிட்டியளான்னு கேக்கணும் அவளுக்கு. கல்யாணம் ஆன நாள் முதல் ஒரு நாளும் தப்பினதில்ல. போன் இல்லாத காலத்துல ஆபீசுக்கு ஆளு விடுவா.”

கீரிப்பாறையில் இறங்கி டீயும் ஆளுக்கு இரண்டு ரசவடையும். மதியத்துக்கு மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கும் மீன் கறியும் பொட்டலம் வாங்கிக்கொண்டோம். எல்லாம் சேர்த்து எண்பத்தாறு ரூபாய். அங்கிருந்து தோட்டத்துப் பாதையில் இரண்டு கிலோமீட்டர் நடை. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்பதே எங்களுக்குத் தெரியாது.

ரப்பர் தோட்டத்தை வெளியூர்க்காரர்கள் காடு என்று நினைப்பார்கள். அது காடல்ல. எல்லா மரமும் ஒரே தடிமன், ஒரே இடைவெளி, ஒவ்வொன்றின் மேலும் சாய்வாக ஒரு வெட்டு, வெட்டின் கீழே பால் வடிய ஒரு சிரட்டை. எந்தப் பக்கம் திரும்பினாலும் முன்பு பார்த்த இடமாகவே இருக்கும். என் போனில் வரைபடத்தைத் திறந்தேன். வெள்ளைத் தாளில் ஒரு நீலப் புள்ளி, சுற்றிலும் ஒன்றுமில்லை. சிக்னல் இல்லை. வெயிலில் சார்ஜ் ஏறும் பலகை ஒன்றும் கொண்டுபோயிருந்தேன். வெயிலே உள்ளே வராத இடத்தில் அதை ஒரு பாறைமேல் விரித்து வைத்தேன். அருள்தாஸ் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தன் புத்தகத்தை எடுத்து ஒருமுறை முகர்ந்துகொண்டான்.

தோட்டத்தில் பால் அளக்கும் கொட்டகைக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். அவன் பத்தடி தள்ளி ஒரு மரத்தில் சாய்ந்துகொண்டான். நான் பேய்க்கதையைத் திறந்தேன். இங்கிலாந்தில் ஒரு சிறிய ஊர். டாக்டர் ஒருவரின் வீடு. அதில் இரண்டு சகோதரிகள். மூத்தவள் பல வருடமாக மாடி அறையை விட்டு இறங்குவதில்லை. இளையவள் தினமும் மதியம் தட்டில் சாப்பாடு கொண்டுபோய்க் கதவுக்கு வெளியே வைக்கிறாள்.

டப்!

எழுந்து நின்றுவிட்டேன். மறுபடியும் தலைக்கு மேல் டப், கொஞ்சம் தள்ளி டப். அருள்தாஸ் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: “ரப்பர் காய் வெடிக்குதுலே. இரி.” ஆவணியில் காய் முற்றித் தானாக வெடிக்குமாம். நீங்கள் போகிறீர்களென்றால் இதைத் தெரிந்துகொண்டு போங்கள். பேய்க்கதை வாசிக்கிறவனுக்கு அது ஏற்ற மாதமல்ல. சத்தம் கேட்காமல் இருக்க இயர்போனைக் காதில் செருகிப் பாட்டு வைத்துக்கொண்டேன். அன்றைய முட்டாள்தனங்களில் முதலாவது அது.

பன்னிரண்டு மணி இருக்கும். பால் வாளியோடு ஒரு அம்மா எங்களைக் கடந்து போனாள். என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். ஒரு காதிலிருந்து இயர்போனை எடுத்தேன். “...கீழ பெரியவரு நிக்காரு, கேட்டேளா” என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. நான் பெரிதாகத் தலையாட்டினேன். அவளும் திருப்தியாகப் போய்விட்டாள்.

பெரியவர் என்றால் யார்? தோட்டத்து மேலதிகாரி. வேறு யார்? அனுமதி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறோம். பக்கத்தில் போன், கேமரா, ஈ-ரீடர், இயர்போன், பாறைமேல் ஒரு மினுங்கும் பலகை. உளவாளி என்று பிடித்துப்போனாலும் மறுக்க முடியாது.

“ஏலே, கீழ பெரியவர் நிக்காராம்.”

“ஆரு, மானேஜரா?”

“ஆயிருக்கும். அவரு இங்க வந்து நம்மளப் புடிக்கதுக்கு முன்ன நீ போயி ஒரு வணக்கம் சொல்லிட்டு வா.”

“நீ போனா என்னவாம்?”

“ஆபீசர்மாரைக் கண்டா எனக்கு நாக்கு பொரளாது மக்கா. நீயாக்கும் இருவத்தஞ்சு வருசமா அவங்களுக்குத் தலையாட்டிப் பழகினவன்.”

“சவம், ஒன்கூட வந்தா இப்படித்தான்.” எழுந்தான். சட்டையை இழுத்துச் சரிசெய்தான், சீப்பெடுத்துத் தலைவாரினான். கையில் புத்தகம் இருந்தால் மரியாதையாக இருக்கும் என்று எண்ணூறு பக்கத்தையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சரிவில் இறங்கிப் போனான்.

கால் மணி நேரம் கழித்து அந்த அம்மா காலி வாளியோடு திரும்பி வந்தாள். லில்லிபாய் என்று பெயர். அந்தத் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள்.

“மத்த சாறு எங்க?” (அவள் வாயில் ‘சார்’ ‘சாறு’ ஆகிவிடும்.)

“பெரியவரப் பாத்துப் பேசப் போயிருக்கான்.”

வாளியைக் கீழே வைத்தாள். வைத்தாள் என்பது சரியல்ல, அது கையை விட்டு நழுவியது.

“எந்தப் பெரியவர?”

“நீங்கதானே சொன்னிய, கீழ நிக்காருன்னு.”

“எனக்க மாதாவே! அந்தப் பக்கம் போவாண்டாம்னுல்லா சொன்னேன்? சாறே, பெரியவருன்னா...” அவள் முடிக்கவில்லை. வலது கையை மூக்குக்கு நேராக வைத்து, விரல்களைக் கீழே தொங்கவிட்டு, மெல்ல இடமும் வலமும் ஆட்டினாள்.

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது.

“யா...” என்று நான் வாயெடுத்ததும் என் வாயைப் பொத்த வந்தாள். “காட்டுல நின்னுகிட்டு பேரச் சொல்லப்பிடாது. விளிச்ச மாதிரி ஆவும். விடியக்காலத்தே வந்தாரு. ஒத்தை. கொம்பு உண்டும்.”

கொட்டகையிலிருந்து தோட்டத்து வாச்சர் செல்லையன் வந்தார். லில்லிபாய் காதோடு சொன்னாள். அவர் கையில் வெடிக்கட்டு இருந்தது. “வெடி போட்டா ஓடிராதா?” என்று கேட்டேன்.

“ஓடும். எந்தப் பக்கம்னு ஆரு சொல்லுவா? ஒங்க ஆளு எங்க நிக்காருன்னு தெரியாம வெடிச்சா, வெரண்டு அவருக்க மேலதான் ஏறும். நான் ஓடை வழியா சுத்திப் போயிப் பாக்கேன். இஞ்ச இருந்து ஒரு சத்தம் வரப்பிடாது. தும்மக்கூடப் பிடாது.” செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

ஒரு சத்தம் வரக்கூடாது. போன் மணியைப் பார்த்தேன். பன்னிரண்டு நாற்பது. ஒரு மணிக்கு ரெஜினா விளிப்பாள். அருள்தாசின் சட்டைப் பையில் செண்டை மேளம் முழங்கும், முழு ஒலியில்.

“போனு உண்டும்லா, விளிச்சுச் சொல்லுங்க” என்றாள் லில்லிபாய். அவன் போன் எப்படி அடிக்கும் என்று சொன்னேன். கண்ணை மூடினாள். “அந்த எளவ ஆரு வச்சுக் குடுத்தா?”

“கீழ சிக்னல் இருக்காதுல்லா?” என்று கேட்டேன். சிக்னல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை.

“ஓடைக்கரையில நல்லா எடுக்கும் சாறே. டவரு நேரா தெரியும். இஞ்ச எடுக்கணும்னா அந்தப் பாறைக்க உச்சியில ஏறணும்.”

ஏறினேன். நாற்பத்தெட்டு வயதில், நாலுகாலில். உச்சியில் ஒரு கோடு சிக்னல். வரைபடத்தைத் தேடித் தேடியே சார்ஜ் பதினொரு சதவீதத்துக்கு வந்திருந்தது. ரெஜினாவிடம் உண்மையைச் சொன்னால் அடுத்த கணமே புருசனுக்குப் போன் போடுவாள். அவனைக் கூப்பிடாதே என்றால் ஏன் என்பாள், அதற்கும் அவனைத்தான் கூப்பிடுவாள். ஒரே வழிதான் இருந்தது. ஒரு மணிக்கு அவள் போன் என்னோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். என் வாயைப்பற்றி ஊரில் நல்லதாக யாரும் சொன்னதில்லை. அன்று அதை நம்பித்தான் ஒரு உயிர் இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு ரெஜினாவைக் கூப்பிட்டேன்; வம்புக்கு அந்தக் குரல்தான் பொருத்தம்.

“அண்ணே, என்ன? அவியளுக்கு ஒண்ணுமில்லையே?”

“அவனுக்கென்ன, அங்க கெடந்து வாசிக்கான். ரெஜினா, ஒரு விசயம் கேள்விப்பட்டியா? நம்ம சர்ச் பாடகர் குழுவுல சண்டையாமே?”

“அய்யோ, அது போன மாசமே முடிஞ்சுல்லா!”

ஆனாலும் அதில் ஆறு நிமிடம் ஓடியது. அடுத்து தெருக்கோடி வீட்டு நிச்சயதார்த்தம் நின்றது. அதற்கு நான்கு நிமிடம். மூன்றாவது வம்பு அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. மணி ஒன்று ஐந்து. “செரி அண்ணே, வைக்கேன். அவியளுக்கு விளிக்கணும், நேரம் தப்பிட்டு.”

“வைக்காத!”

“ஏன்?”

இடுப்பில் செருகியிருந்த ஈ-ரீடரை எடுத்தேன். பேய்க்கதை நான் விட்ட பக்கத்தில் நின்றது.

“தக்கலை பக்கம் ஒரு டாக்டர் வீட்டு விசயம்... ஒனக்குத் தெரியாதா?”

“எந்த டாக்டரு?”

“பேரு வேண்டாம். பெரிய இடம். அவருக்கு ரெண்டு அக்கா தங்கச்சி. மூத்தவ மாடியில ஒரு ரூமுக்குள்ள போனவ, வருசக்கணக்கா கீழ எறங்கல்ல.”

“கர்த்தாவே! ஏனாம்?”

பிழைத்தோம் என்று நினைத்தேன். இடது கையில் போன், வலது கைக் கட்டைவிரலில் பக்கம் திருப்பும் பொத்தான். பக்கம் மாறும்போதெல்லாம் திரை ஒரு கணம் கறுத்துப் பிறகு எழுத்தைக் காட்டும். அந்த ஒரு கணத்தை நிரப்ப நான் ‘ம்ம்...’ என்று இழுத்தேன். பியானோவை ஆர்மோனியம் ஆக்கினேன், பனியை மழையாக்கினேன், பாதிரியாரை அப்படியே விட்டுவிட்டேன். ரெஜினா “பெறவு?” என்றாள். சொன்னேன். “பெறவு?” என்றாள். தலைக்கு மேல் காய் ஒன்று வெடித்தது. என் குரல் உடைந்தது.

“என்னண்ணே அழுவுதிய?”

“அந்தத் தங்கச்சிய நெனச்சா பாவமா இருக்கு.”

அப்போதுதான் பார்த்தேன். கீழே, மரங்களின் வரிசைக்கு நடுவில், இவ்வளவு நேரம் பாறை என்று நான் நினைத்திருந்தது ஒரு அடி நகர்ந்தது. இலை மறைவில் வெள்ளையாக ஒரு கொம்பு. அது சரியான இடத்தில்தான் இருந்தது. அதற்கு முன்னால் அருள்தாஸ் எங்கே நிற்கிறான் என்று தெரியவில்லை. நிற்கிறானா என்றும் தெரியவில்லை. லில்லிபாய் பாறையடியில் குந்தி, செபமாலை இல்லாத கையில் விரல் கணுக்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

“அண்ணே? கதவத் தொறந்தாங்களா?”

“தொறந்தாங்க. டாக்டர் தோளால இடிச்சு... கதவு தொறந்தப்போ உள்ள...”

திரை கறுத்தது. ஈ-ரீடர் திரை அல்ல, போன் திரை. சார்ஜ் போய்விட்டது.

இனி அவள் புருசனைத்தான் கூப்பிடுவாள். நான் செத்த போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. கீழே பார்த்துக்கொண்டு செண்டை மேளத்துக்காகக் காத்திருந்தேன். அந்த நேரத்தை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவன் இரண்டு பெண் பிள்ளைகளின் முகம் வந்தது. வணக்கம் சொல்லிட்டு வா என்று நான் சொன்னது என் காதிலேயே கேட்டது. காய் வெடித்தது. காற்றடித்தது. மேளம் வரவில்லை.

சாம்பல் நிறம் மெதுவாக இடப்பக்கம் நகர்ந்து, சரிவின் மறுபுறம் இறங்கியது. கிளை முறியும் சத்தம் தூரமாகிக்கொண்டே போனது. அதற்குப் பிறகும் நெடுநேரம் கழித்துத்தான் செல்லையன் தலை தெரிந்தது. பின்னால் அருள்தாஸ். புத்தகத்தை இரண்டு கையாலும் முகத்துக்கு நேரே பிடித்தபடியே நடந்து வந்தான். செல்லையன் அதைப் பிடுங்கி என்னிடம் தந்தார். அவன் விரல் தடம் அட்டையில் பதிந்திருந்தது.

தண்ணீர் குடித்தபிறகு பேசினான். கீழே போனானாம். மானேஜரைக் காணோமாம். பாறைக்குப் பின்னால் நிற்பாராக்கும் என்று கிட்டப்போய், “சார், வணக்கம்” என்றானாம். பாறை காதை ஆட்டியதாம். ஓட முடியவில்லை. தன் தொடைத்தடிமனே உள்ள ரப்பர் மரத்தின் பின்னால் நின்று புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டானாம். “பக்கம் நானூத்திப் பன்னெண்டு. முழுசும் மனப்பாடமா சொல்லுவேன்.”

புத்தகத்தை என்னிடமிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

“போன அணைக்கணும்னு தெரியும்லே. கைய எடுக்க முடியல்ல. கைய எடுத்தா புத்தகம் கீழ விழும், விழுந்தா சத்தம் கேக்கும். ஒரு மணி ஆவுது, ஒரு மணி ஆவுதுன்னு மாதாவ விளிச்சுக்கிட்டே நின்னேன்.” அவன் கண் நிறைந்துவிட்டது. “அவ ஏன்லே இன்னைக்கு விளிக்கல்ல?”

மூன்று மணி பஸ்ஸில் திரும்பினோம். இரண்டு கிலோமீட்டரும் செல்லையன் கூடவே வந்தார். கிழங்கும் மீனும் பிரிக்காமலே வீட்டுக்கு வந்து சேர்ந்தன.

போகிறவர்களுக்குச் சில சொல்ல வேண்டும். தோட்டத்து அலுவலகத்தில் முதலிலேயே சொல்லிவிட்டுப் போங்கள், வாச்சர் எங்கே இருப்பார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மழைக்காலமென்றால் அட்டைக்கு உப்பு கொண்டுபோங்கள். வெயிலில் சார்ஜ் ஏறும் பலகை வேண்டாம். காதில் எதையும் மாட்டாதீர்கள். போனை ஒலியில்லாமல் வையுங்கள், கூட வருகிறவர் போனையும் வாங்கிப் பாருங்கள். அந்த ஊர்க்காரர்கள் உங்களிடம் எதைச் சொன்னாலும் தலையாட்டுவதற்கு முன் ஒரு முறை திரும்பக் கேளுங்கள். கடைசி பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம். புத்தகம் எதுவானாலும் சரி, பேய்க்கதை மட்டும் வீட்டில் இருக்கட்டும்.

அன்று மாலை அவன் வீட்டில் ரெஜினா வாசலிலேயே என்னைப் பிடித்தாள். “போன் ஏன் வச்சிய? பதினாலு தடவ விளிச்சேன் ஒங்களுக்கு! அந்தக் கதவத் தொறந்ததும் உள்ள என்ன இருந்துச்சு? அதக் கேக்கணும்னு நின்னதுல இவியளுக்கு விளிக்கவே மறந்து போச்சு.”

அருள்தாசும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். யானை விசயத்தை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. (அவள் இதை வாசிக்க மாட்டாள். இணையம் என்றால் வைரஸ் வரும் என்று நம்புகிறவள்.) முடிவு எனக்கே தெரியாது; எதையோ சரிபார்ப்பதுபோல ஈ-ரீடரை எடுத்துக் கடைசிப் பக்கங்களை அங்கேயே நின்று வாசித்தேன்.

“உள்ள ஆருமில்ல ரெஜினா. மூத்தவ செத்து வருசம் பல ஆச்சு. வெறும் ரூம்.”

“அப்பம் அந்தத் தங்கச்சி தெனமும் ஆருக்குச் சோறு கொண்டு வச்சா?” என்றாள். அருள்தாஸ் உள்ளே போய்ச் சாப்பிட உட்கார்ந்துவிட்டான். அந்தக் கிழங்கையும் ஆறிப்போன மீனையும் ஒரு துண்டு மிச்சமில்லாமல், அவள் பார்க்கப் பார்க்கச் சாப்பிட்டான்.

செண்டை மேளத்தை மாற்றித் தருகிறேன் என்று நான் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். போனைத் தரமாட்டேன் என்கிறான். இப்போதெல்லாம் ஒரு மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே ஆபீசை விட்டு வெளியே வந்து அவனே அவளைக் கூப்பிடுகிறான். நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

“சாப்பிட்டேன். ஆமா. வைக்காத. எதையாவது பேசிக்கிட்டே இரி.”